யூரெயில் பாஸில் பல நாட்டு ரயில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் நான்கைந்து நாடுகளை ரயிலிலேயே சுற்றிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூரெயில் பாஸ் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஏற அனுமதிக்கும் ஒரே சீட்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ரயிலில் வேண்டுமானாலும் முன்பதிவு இல்லாமல் ஏறி உட்காரக்கூடிய நாடுகளில்தான் பாஸுக்கு முழு மதிப்பு கிடைக்கிறது. பாரிஸ், பார்சிலோனா, ரோம், லண்டன் என்று பெயர்களைக் கோத்துக்கொண்டு போனால் பாஸுக்கும் பணம், அதற்கு மேல் ஒவ்வொரு ரயிலுக்கும் பணம் என்று ஆகிவிடும்.

யூரெயிலும் இன்டர்ரெயிலும் ஒன்றா?

ரயில்கள் ஒன்றுதான், வாங்குபவர்கள்தான் வேறு. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959இல் தொடங்கப்பட்டது யூரெயில். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கானது இன்டர்ரெயில். அது 1972இல் வந்தது. இன்று இரண்டும் 33 நாடுகளில் செல்லும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. சென்னையிலிருந்து போகும் அம்மாவும் அப்பாவும் யூரெயில் வாங்க வேண்டும். சூரிச்சில் வேலை பார்க்கும் மகன், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், இன்டர்ரெயில் வாங்க வேண்டும். மகனுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: தான் வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸை வெளியேறும் பயணத்துக்கு ஒருமுறை, திரும்பி வரும் பயணத்துக்கு ஒருமுறை மட்டுமே பயன்படுத்தலாம். யூரெயிலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பாஸ் இருந்தால் இருக்கையும் உறுதிதானே?

இல்லை. நம்மவர்கள் அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். நம் ஊரில் முன்பதிவு டிக்கெட் என்றால் ரயில் எண், பெட்டி, படுக்கை எண் எல்லாம் ஒரே சீட்டில் வந்துவிடும். ஐரோப்பாவின் பல நாடுகளில் பயணம் செய்யும் உரிமை வேறு, குறிப்பிட்ட இருக்கை வேறு. பாஸ் உங்களுக்குத் தருவது முதலாவதை மட்டும். இருக்கை வேண்டுமென்றால் தனியாகச் சில யூரோ கட்டிப் பதிவு செய்யலாம்; பல ரயில்களில் அது அவசியமே இல்லை. பெட்டிக்குள் போய், காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான்.

ஜெர்மனியின் ஐ.சி.இ. எனும் அதிவேக ரயில்களில் ஒவ்வோர் இருக்கையின் மேலும் சிறிய மின் எழுத்துப் பலகை இருக்கும். அதில் 'கொலோன் – பிராங்க்பர்ட்' என்று ஓடினால் அந்த இருக்கை பிராங்க்பர்ட் வரைக்கும் வேறொருவருடையது. நீங்கள் பிராங்க்பர்ட்டில் ஏறுபவர் என்றால் தயங்காமல் உட்காரலாம்.

எங்கெல்லாம் முன்பதிவு கட்டாயம்?

பிரான்ஸின் டி.ஜி.வி. எனும் அதிவேக ரயில்கள், ஸ்பெயினின் ஏறக்குறைய எல்லா நெடுந்தூர ரயில்கள், இத்தாலியின் பிரேச்சாரோசா வகை அதிவேக ரயில்கள், லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களை இணைக்கும் யூரோஸ்டார், எல்லா இரவு ரயில்கள். போர்ச்சுகல், போலந்து நாடுகளின் விரைவு ரயில்களிலும் கேட்பார்கள். உள்நாட்டு டி.ஜி.வி.க்கும் இத்தாலியின் அதிவேக ரயில்களுக்கும் தலைக்குப் பத்து முதல் இருபது யூரோ வரை ஆகும். யூரோஸ்டாரில் லண்டன் போக அதைவிடக் கூடுதல். பணத்தைவிடப் பெரிய தொல்லை இடம்தான். யூரோஸ்டார் போன்ற ரயில்களில் பாஸ்காரர்களுக்கு என்று ஒதுக்கிய இடங்கள் குறைவு. கோடையில் அவை முதலில் தீர்ந்துவிடும். ரயிலில் இடம் இருக்கும், உங்களுக்குக் கிடைக்காது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், டென்மார்க் ஆகிய நாடுகளுக்குள் பகல் ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு தேவையில்லை. செக் குடியரசிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. இத்தாலியிலும் பிரான்ஸிலும்கூட மெதுவாகப் போகும் வட்டார ரயில்களில் பொதுவாக அப்படியே ஏறலாம். அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு வட்டார ரயில் மூன்று மணி நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

பாஸை ஏற்காத நிறுவனங்களும் உண்டு. இத்தாலியின் இத்தாலோ, பிரான்ஸின் ஊய்கோ, ஜெர்மனியின் பிளிக்ஸ்டிரெயின் ஆகியவற்றில் பாஸ் செல்லாது. தேடும்போது மலிவாகத் தெரிகிற ரயில் எந்த நிறுவனத்துடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ் லாபமா, தனித்தனி டிக்கெட் லாபமா?

கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஏழு பயண நாட்களுக்கான (ரயில் ஏறும் நாட்கள் மட்டுமே கணக்கு) பாஸ், பெரியவர் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பில் 400 யூரோவை ஒட்டி வருகிறது. அப்படியானால் ஒரு நாளுக்கு ஐம்பத்தேழு யூரோ. தேதியும் ரயிலும் மாறாது என்று உறுதியாக இருந்து, இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கினால், வியன்னா – பிராக் போன்ற தடங்களில் அதில் பாதிக்கும் குறைவான விலையில் டிக்கெட் கிடைக்கும். மூன்று ஊர், மூன்று ரயில் என்று சுருக்கமாகப் போகிறவர்களுக்குப் பாஸ் வேண்டாம் என்றே சொல்வேன்.

சுவிட்சர்லாந்து சேர்ந்தால் கணக்கு மாறும். அங்கே முழுக் கட்டணம் கடுமையானது. ஒரே நாளில் மூன்று நான்கு ரயில் மாறிப் போகிறவர்களுக்கும் பாஸ் கட்டுபடியாகும். அந்த மலிவு டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். மழை பெய்கிறது, இன்னொரு நாள் இதே ஊரில் இருப்போம் என்று காலையில் தோன்றினால் அந்த டிக்கெட்டின் பணம் போனதுதான். பாஸ்காரர் மறுநாள் போவார். எனக்குப் பாஸின் உண்மையான மதிப்பு இதில்தான் தெரிகிறது.

எத்தனை நாள் பாஸ் வாங்குவது?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாட்கள், அல்லது இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாட்கள் என்று பயண நாட்களை உங்கள் விருப்பம்போலப் பயன்படுத்தலாம். மற்றது 15 நாள், 22 நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இடைவெளியின்றித் தொடரும் பாஸ். குடும்பமாகப் போகிறவர்களுக்கு முதல் வகைதான் பொருந்தும். ஊர் மாறும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு பயண நாளில் நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் ஏறலாம். அரை மணி நேரப் பயணத்துக்காக ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள். அதற்குக் கவுன்டரில் டிக்கெட் வாங்கிவிடலாம்.

ஏழு நாள் பாஸுக்கு ஒரு வழித்தடம் சொல்ல முடியுமா?

நான் பரிந்துரைப்பது ஆம்ஸ்டர்டாமில் இறங்கி பிராக்கில் விமானம் ஏறும் வழி. ஆறு நாடுகள் வரும், கட்டாய முன்பதிவு ஒன்றுகூட இல்லாமல் போய்விடலாம்.

முதல் நாள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொலோன். இரண்டாம் நாள் கொலோனிலிருந்து பாசல் வழியாக இன்டர்லாக்கன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பயணச் செயலியில் தேடினால் 2002இல் திறந்த அதிவேகப் பாதையில் பிராங்க்பர்ட் வழியாகப் போகும் ஐ.சி.இ.யைத்தான் முதலில் காட்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம், வழியெல்லாம் சுரங்கம், பார்க்க ஒன்றுமில்லை. அதை விட்டு கோப்லென்ஸ், மைன்ஸ் வழியாகப் பழைய பாதையில் போகும் இன்டர்சிட்டி ரயிலைப் பிடியுங்கள். ரைன் ஆற்றின் இடக்கரையை ஒட்டியே போகும். கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் லோரெலை பாறையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தெற்கே போகும்போது இடப்பக்கச் சன்னல் ஆற்றைப் பார்த்திருக்கும்.

இன்டர்லாக்கனில் இரண்டு மூன்று இரவு தங்கலாம். பாஸ் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையம் வரைதான் முழுமையாகச் செல்லும். அதற்கு மேல் லாட்டர்புருன்னன், கிரிண்டல்வால்டு, 3454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்பிராயோக் ஆகிய இடங்களுக்குப் போகும் மலை ரயில்களில் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. பயண நாளாக இருந்தால் துன், பிரியன்ஸ் ஏரிகளின் படகுகளில் பாஸே போதும்.

மூன்றாம் நாள் சுவிட்சர்லாந்தின் கூர் நகரம். நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் உச்சம்: கூரிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியின் திரானோ. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற கண்ணாடிக் கூரை ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் கட்டி ஏறுகிறார்கள். அதே தண்டவாளத்தில் உள்ளூர்க்காரர்கள் போகும் சாதாரண ரயில் நாள் முழுக்க ஓடுகிறது. செயின்ட் மோரிட்ஸ் வரை ஒன்று, அங்கிருந்து திரானோவுக்கு இன்னொன்று. முன்பதிவு வேண்டாம், பாஸ் போதும். சில பெட்டிகளில் சன்னலைக் கீழே இறக்கவும் முடியும். படம் எடுப்பவர்களுக்குக் கண்ணாடிக் கூரையைவிட அதுவே மேல்.

65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தில் ரயில் வளைந்து, நேராக எதிரே உள்ள பாறையின் சுரங்கத்துக்குள் நுழையும். பெர்னினா கணவாயில் 2253 மீட்டர் உயரத்தில் ஓஸ்பிட்சியோ நிலையம். குன்னூர் ஏறும் நீலகிரி ரயிலுக்குப் பற்சட்டம் (தண்டவாளங்களின் நடுவே பல்சக்கரம் பிடித்து ஏறும் சட்டம்) தேவைப்படுகிறது. பெர்னினா பாதை பற்சட்டம் இல்லாமல், சக்கரத்தின் பிடிமானத்தை மட்டும் நம்பி, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் என்ற சரிவில் ஏறி இறங்குகிறது. புருசியோவில் ஒரு கல்பாலம் முழு வட்டமாகச் சுற்றி ரயிலைக் கீழே இறக்கிவிடுகிறது. பிறகு திரானோவின் தெருவுக்குள்ளேயே, தேவாலயத்தை உரசுவதுபோலப் போய் நிற்கும். யுனெஸ்கோ 2008இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திரானோவிலிருந்து மிலானுக்கு வட்டார ரயில் இரண்டரை மணி நேரம், பாதி வழி கோமோ ஏரிக்கரையில்.

ஐந்தாம் நாள் மிலான், வெரோனா, பிரென்னர் கணவாய் வழியாக இன்ஸ்புருக். வட்டார ரயிலில் பிரென்னர் வரை போய் அங்கே மாறிக்கொண்டால் முன்பதிவு பற்றிய கவலையே வேண்டாம். ஆறாம் நாள் ரயில்ஜெட் என்ற ஆஸ்திரிய விரைவு ரயிலில் வியன்னா. ஏழாம் நாள் பிராக், நான்கு மணி நேரம்.

ரோமும் வெனிஸும் வேண்டும் என்பவர்கள் மிலானில் இரண்டு மூன்று நாள் கூட்டி, அந்த இத்தாலியப் பகுதிக்கு மட்டும் தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். பாஸின் நாட்களை அதில் கரைக்க வேண்டாம்.

விசா முதலிலா, பாஸ் முதலிலா?

விசா முதலில். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். கோடையில் விசா மையங்களில் தேதி கிடைப்பதே அரிது, ஆகவே மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன தடத்தில் சுவிட்சர்லாந்தில் நான்கு இரவு, மற்ற இடங்களில் இரண்டிரண்டு என்றால் சுவிஸ் தூதரகம்தான் உங்களுடையது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

தொடங்கி வைக்காத பாஸைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கமாக 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். சலுகை விலையில் வாங்கியதற்கு விதிகள் வேறாக இருக்கலாம், படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இருக்கைப் பதிவுக் கட்டணங்கள் பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே விசா கைக்கு வரும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

லண்டனையும் சேர்க்கலாமா?

பாஸில் பிரிட்டன் உண்டு, ஷெங்கனில் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம். பாரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்பவும் ஐரோப்பாவுக்குள் வருவதென்றால் பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவுடன் லண்டன் போனவரால் திரும்பி வர முடியாது. லண்டனின் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சு அதிகாரிகள் விசாவைப் பார்ப்பார்கள். செர்பியா, பாஸ்னியா போன்ற பால்கன் நாடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லண்டனை முதலிலோ கடைசியிலோ வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

இரவு ரயிலில் விடுதிச் செலவை மிச்சப்படுத்தலாமா?

ஓரளவுக்கு. ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் ரயில்கள் சூரிச் – வியன்னா, வியன்னா – வெனிஸ் போன்ற தடங்களில் ஓடுகின்றன. பாஸ் இருந்தாலும் இருக்கை, படுக்கை, தனியறை எதுவானாலும் தனிக் கட்டணம் உண்டு. படுக்கைகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பெண்களுக்கென்று தனிப் பெட்டியறை கேட்டுப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. இரவில் ஏறி, நள்ளிரவுக்குப் பிறகு ரயில் மாறாமல் போனால் ஏறிய நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கில் வரும். மறுநாள் காலை இறங்கி இன்னொரு ரயிலில் ஏறினால் அடுத்த நாளும் கழியும். ஆல்ப்ஸை மட்டும் இரவில் கடக்காதீர்கள், அத்தனை தூரம் போனதே அதைப் பார்க்கத்தான்.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சலுகை உண்டா?

நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாஸே வேண்டாம். 4 முதல் 11 வயது வரை ஒரு பெரியவருடன் இரண்டு பிள்ளைகள் இலவசம். ஆனால் பெரியவர் பாஸ் வாங்கும்போதே பிள்ளைகளுக்கான பாஸையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். 12 முதல் 27 வயது வரை 25 சதவீதமும், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 சதவீதமும் தள்ளுபடி. முன்பதிவு கட்டாயமான ரயில்களில் இலவசப் பாஸ் வைத்திருக்கும் குழந்தைக்கும் இருக்கைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். அங்கே சுமை தூக்குபவர்கள் கிடையாது. பெட்டியைப் படியேற்றுவது, மேலே வைப்பது எல்லாம் நாமேதான். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் அவரவரே தூக்கக்கூடிய அளவில். விடுதியை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எடுங்கள்.

கைபேசியில் உள்ள பாஸை எப்படிக் காட்டுவது?

'ரெயில் பிளானர்' என்ற செயலியில் பாஸைச் சேர்த்து, வாங்கிய 11 மாதத்துக்குள் தொடங்கி வைக்க வேண்டும். ரயில் ஏறுவதற்கு முன்பு அன்றைய பயணத்தைச் செயலியில் சேர்த்து, அந்த நாளைப் பயண நாளாக இயக்கினால் க்யூஆர் குறியீடு வரும். பரிசோதகர் அதையும் கடவுச்சீட்டையும் கேட்பார். ஏறிய பிறகு, பரிசோதகரைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்தால் டிக்கெட் இல்லாதவராகவே கருத இடமுண்டு. மலைப்பகுதியில் இணையம் கிடைக்காமல் போகலாம். விடுதியை விட்டுக் கிளம்பும்போதே முடித்துவிடுங்கள். மின்னேற்றம் தீர்ந்த கைபேசி, பாஸ் இல்லாததற்குச் சமம். பவர் பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும்.

சரியான ரயிலில் ஏறினால் போதுமா, பெட்டியும் பார்க்க வேண்டுமா?

பெட்டியும் பார்க்க வேண்டும். பெர்லினிலிருந்து மேற்கே வரும் பல ஐ.சி.இ. ரயில்கள் இரண்டு ரயில்களாக ஒட்டிக்கொண்டு வந்து ஹாம் நிலையத்தில் பிரியும். ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கு, மறு பாதி டார்ட்முண்ட் வழியாக டுசல்டார்ஃபுக்கு. நடைமேடைப் பலகையில் எந்தப் பாதி ஏ, பி, சி என்ற எந்தப் பகுதியில் நிற்கும் என்று போட்டிருப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டிலும் போகும் ஊர் ஒளிரும். ரயில் நிற்கும் சில நிமிடங்களில் ஓடித் தேடாமல் முன்பே அந்த எழுத்தின் கீழ் போய் நில்லுங்கள்.

ஹாம் என்றதும் இன்னொன்று. அந்நகரின் யூன்ட்ரோப் பகுதியில்தான் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. அந்தத் தடத்தில் போகிறவர்கள் அரை நாள் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். பாஸில் அதற்குத் தடையில்லை.

முதல் வகுப்பு வாங்கலாமா?

வேண்டாம். இரண்டாம் வகுப்பே சுத்தமாகவும் வசதியாகவும் இருக்கும். கால் பங்குக்கு மேல் கூடுதலாகும் அந்தப் பணம் சுவிட்சர்லாந்தில் மலை ரயிலுக்கு உதவும்.

மெட்ரோ, டிராம், பஸ் பாஸில் வருமா?

வராது. ஆனால் ஜெர்மன், ஆஸ்திரிய ரயில்வேக்கள் ஓட்டும் எஸ்-பான் என்ற புறநகர் ரயில்களில் பயண நாளில் பாஸ் செல்லும். லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரயிலில் சொந்த உணவைச் சாப்பிடத் தடையில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள கடைகள் திறந்திருக்கும். பாரிஸ் போகிறவர்கள் கார் டு நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல் பகுதி. தோசையும் இட்லியும் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுமாக இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும்.

ரயில் தாமதமானால், ரத்தானால்?

ஐரோப்பிய ரயில் நிமிடம் தவறாது என்ற நம்பிக்கையோடு யாரும் போக வேண்டாம். சுவிட்சர்லாந்தில் அது பெரும்பாலும் உண்மை. ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்கள் அடிக்கடி தாமதமாகின்றன. பிரான்ஸிலும் இத்தாலியிலும் வேலைநிறுத்தங்கள் வரும், பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஜெர்மனியில் ரயில் மாறும் இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். செயலி ஏழு நிமிடத்தில் மாறலாம் என்று காட்டினாலும் கேட்காதீர்கள். நாளின் கடைசி ரயிலை நம்பித் திட்டமிடுவதும் கூடாது.

இணைப்பு ரயில் தவறிவிட்டால் முன்பதிவு தேவையில்லாத தடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: செயலியில் பழைய ரயிலை நீக்கி அடுத்ததைச் சேர்த்துவிட்டு ஏறுங்கள். முன்பதிவு செய்த ரயில் தவறினால் நிலையத்தின் தகவல் கவுன்டருக்குப் போய், முதல் ரயிலின் தாமதத்தைக் காட்டி அடுத்த ரயிலில் இடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் யூரெயிலிடம் இழப்பீடு கோரலாம். தாமதத்தைக் காட்டும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விமானம் ஏறும் நாளுக்கு முந்தைய இரவே அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்துவிடுங்கள்.